அத்தான் தெரிந்தெடுத்த கடற்கரை

எந்தக் கதிரையில் இருக்கப் போனாலும் அத்தான் முதலில் அதை ஒருதரம் ஆட்டிப் பார்ப்பார். வீட்டுக் கதிரை, கலியாண மண்டபக் கதிரை, ஆஸ்பத்திரிக் கதிரை, எல்லாவற்றுக்கும் அதே சோதனைதான். கால் தளர்ந்திருந்தால் தள்ளி வைத்துவிட்டு நின்றுகொள்வார். "தாங்காது" என்பார். அதில் கோபம் இருக்காது. பூசணிக்காயைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வதுபோல இருக்கும்.

பாரிஸில், தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் ஒரு பலசரக்குக் கடைக்கு அவர் வான் ஓடினார். மொத்தச் சந்தைக்குப் போய் மரக்கறி ஏற்றி வருவதுதான் வேலை. பக்கத்து ஃபொபூர் சேன்-தெனி வீதியில் யார் பழைய வாகனம் வாங்குவதென்றாலும் அவரைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். எஞ்சினுக்குப் பக்கத்தில் தலையைச் சரித்துக் கொஞ்ச நேரம் கேட்பார். அவர் வேண்டாம் என்று சொன்ன வாகனத்தை யாரும் வாங்கியதாக நான் அறியவில்லை. குடி இல்லை, சீட்டு இல்லை. அவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. அக்காவைக் கலியாணம் பேசி வந்தபோது சீதனம் என்ற சொல்லை அவர் எடுக்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"நீர் எவ்வளவு தூரம் நடப்பீர்?"

அக்கா வெட்கத்தோடு சிரித்தாள். "எவ்வளவு வேணுமெண்டாலும் நடப்பன்."

அந்தப் பதிலை அக்கா பல வருடங்கள் பெருமையாகச் சொல்லித் திரிந்தாள். மற்றப் பெண்களை நகைக்காகக் கட்டினார்கள், என்னை நடைக்காகக் கட்டினார் என்பாள்.

லாச்சப்பலுக்குப் பக்கத்து மார்க்ஸ் டோர்மோயில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நாலாம் மாடியில், இரண்டு அறை வீடு. அக்கா, அத்தான், மகள் மதுஷா, அவளுக்குப் பின் பிறந்த தம்பி, அக்காவின் தங்கையான நான். எங்களைச் சுற்றி இருந்த எல்லோரும் ஊரில் காணி வாங்குவதைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்த காலத்தில், அத்தான் மட்டும் பிரான்சிலிருந்து தப்புவதைப் பற்றிக் கதைத்தார்.

"இஞ்சையும் ஒரு நாள் வரும்," என்பார் சோற்றைப் பிசைந்தபடி. "கரண்ட் நிக்கும். லொறி வராது. சந்தையை ஒரு கிழமை பூட்டினால் லாச்சப்பலில என்ன மிஞ்சும் சொல்லும் பாப்பம். சேலையும் கேக் பெட்டியும்தான்."

அதற்கு ஒரு கடற்கரை வேண்டும் என்று அவர் முடிவு செய்திருந்தார். கடல் இருந்தால் மீன் இருக்கும், உப்பு இருக்கும், ஒரு பக்கத்தால் ஆட்கள் வர முடியாது. விடுமுறை கிடைக்கும் நாட்களில் கடை வானில் எங்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போவார். மற்றப் பிள்ளைகள் கடலுக்குக் குளிக்கப் போனார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் கடலைத் தரம் பார்க்கப் போனார்கள்.

வடக்கே கலே துறைமுகப் பக்கத்தை அவர் வானை விட்டு இறங்காமலே தள்ளிவிட்டார். வீதியோரத்தில் போர்வையைப் போர்த்திக்கொண்டு, இங்கிலாந்துக்குக் கடல் கடக்கக் காத்திருந்த இளைஞர்களைக் கண்ணாடி வழியே பார்த்துவிட்டு வானைத் திருப்பினார்.

"ஒண்டு நடந்தால் இவங்கள்தான் முதல் எங்கட வாசலுக்கு வருவாங்கள்."

"நாங்களும் இப்பிடி வந்தனாங்கள்தானே," என்றாள் அக்கா.

"அதாலதான் சொல்லுறன். பசிச்ச சனம் என்ன செய்யும் எண்டு எனக்குத் தெரியும்."

வொந்தே கடற்கரையில் நிலம் கடலைவிடத் தாழ்வு என்றார். பிரெத்தாஞ் மண் நல்லது, ஆனால் ஒரு தாங்கி டீசலில் போய்ச் சேர முடியாது. நோர்மாந்தியில் மான்ஷ் மாவட்டத்தின் வடக்கு முனையில் அணு உலை இருந்தது. அதே மாவட்டத்தின் தெற்கில்தான் அவர் வேகத்தைக் குறைத்தார். உயரமான வேலிகளுக்குள் சின்னச் சின்ன வயல்கள், பால் மாடுகள், ஓயாத மழை. கடல் வற்றினால் கண்ணுக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விடும். சனங்கள் வாளியோடு நடந்து போய் மட்டி பொறுக்கிக்கொண்டு வந்தார்கள்.

ஒரு ஊரைச் சோதிக்க அவருக்கென்று வழிகள் இருந்தன. முதலில் சவக்காலைக்குப் போவார். கல்லறைகளில் பிறந்த வருடத்தையும் இறந்த வருடத்தையும் வாசித்து, இங்கே சனம் கிழடாகும் வரை இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு மண்ணை உள்ளங்கையில் வைத்து உருட்டுவார். கிணற்றுத் தண்ணீரை நாக்கு நுனியில் வைத்துத் துப்புவார். கடைசியில் அக்காவைப் பாண் சுடும் கடைக்கு அனுப்புவார். அதற்காகவே அவள் சேலை கட்டிப் பெரிய பொட்டு வைத்துக்கொண்டு வர வேண்டும். நாங்கள் வானுக்குள் இருந்து பார்ப்போம்.

"முகத்தைச் சுழிச்சவையோ?"

"இல்லை. போஞ்சூர் சொன்னவை."

"முதல் அவை சொன்னவையோ, நீர் சொன்னாப் பிறகோ?"

மதுஷாவுக்குச் சீனி வருத்தம் இருப்பது தெரிந்தபோது அவள் நாலாம் வகுப்பில் இருந்தாள். பிள்ளைகளுக்கு வருகிற வகை. வாழ்நாள் முழுக்க இன்சுலின் ஊசி. ஆஸ்பத்திரியில் மருத்துவர் சொன்னதை நான்தான் மொழிபெயர்த்தேன். அக்கா அழுதுகொண்டிருந்தாள். அத்தான் கதிரையை ஆட்டிப் பார்த்துவிட்டு இருந்தார்.

"ஊசி இல்லாட்டி எத்தனை நாள் தாங்கும் எண்டு கேளும்."

அந்த இளம் மருத்துவர் அதை வேறுவிதமாக விளங்கிக்கொண்டார். ஒரு ஊசி தவறினால் பயப்படவேண்டாம், உடனே எங்களைக் கூப்பிடுங்கள், இந்த நாட்டில் மருந்து இல்லாமல் போகாது என்று அன்பாகச் சொன்னார்.

"இல்லாமல் போனால்?" என்று அத்தானே பிரெஞ்சில் கேட்டார்.

மருத்துவர் என்னைப் பார்த்தார், பிறகு கட்டிலில் கிடந்த பிள்ளையைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, சில நாட்கள்தான் என்றார். அத்தான் தலையாட்டினார். பழைய வாகனத்தின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு அப்படித்தான் ஆட்டுவார். அதற்குப் பிறகு அவர் மதுஷாவோடு அன்பில்லாமல் நடந்தார் என்று சொல்ல மாட்டேன். இனிப்பில்லாத பிஸ்கட் எந்தக் கடையில் இருக்கிறது என்று தேடி வாங்கி வருவார். ஆனால் வான் பழுதானால் என்ன செய்வது, தண்ணீர் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று முன்பு இரண்டு பிள்ளைகளிடமும் கேட்டு வந்தவர், இப்போது தம்பியிடம் மட்டும் கேட்டார்.

மான்ஷில் அவர் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தார். கல்லால் கட்டியது. கிணறும் நிலவறையும் பின்னால் இரண்டு வயலும் இருந்தன. சொந்தக்காரி தனியாக இருந்த ஒரு கிழவி. இரண்டாம் முறை பார்க்கப் போனபோது கடல் வற்றிக் கிடந்தது. அத்தான் பிள்ளைகளைக் கரைக்குக் கூட்டிப்போய், தூரத்தில் சிப்பி வளர்க்கும் கட்டைகளைக் காட்டினார்.

"அதைத் தொட்டிட்டு நில்லுங்கோ. நான் கை காட்டேக்கை திரும்பி ஓடி வரவேணும். ஒருத்தரும் ஒருத்தரையும் தூக்கக் கூடாது."

மதுஷாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அக்கா அவளுடைய பையைக் கொடுக்க எழும்பினாள். அத்தான் வேண்டாம் என்று தலையை அசைத்தார். அந்தப் பைக்குள்தான், உடம்பில் சீனி இறங்கினால் கொடுக்கும் சீனிக்கட்டியும் பழச்சாறும் இருந்தன.

அவர்கள் கட்டைகளை அடைந்தபோது தூரத்தில் கடல் திரும்பிவிட்டது. அலை அடித்துக்கொண்டு வரவில்லை. மணலில் இருந்த வாய்க்கால்கள் சத்தமில்லாமல் நிரம்பத் தொடங்கின. அத்தான் கை காட்டினார். தம்பி ஓடி வந்தான். மதுஷாவும் ஓடினாள். பிறகு நடந்தாள். பிறகு ஏதோ யோசிப்பவள்போல நின்று மணலில் இருந்துவிட்டாள்.

"சீனி இறங்கிட்டுது," என்றாள் அக்கா.

நான் ஓட வெளிக்கிட்டேன். அத்தான் என் முழங்கையைப் பிடித்தார். நோகாமல்தான் பிடித்தார், ஆனால் விடவில்லை.

"கொஞ்சம் பொறும். எழும்புறாளோ எண்டு பாப்பம்."

"தண்ணி வருது அத்தான்."

"தெரியும். அதுக்குத்தான் பொறும் எண்டுறன்."

அக்கா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கையை உதறிப் பறித்துக்கொண்டு, அக்காவிடமிருந்து பையையும் பறித்துக்கொண்டு ஓடினேன். எனக்கு முன்பே, சிப்பி ஏற்றப் போயிருந்த ஒரு உழவு இயந்திரம் திரும்பி மதுஷாவை நோக்கிப் போனது. ரப்பர்க் காற்சட்டை போட்ட ஒரு பெரிய பெண் இறங்கி, முழங்கால் தண்ணீரில் இருந்த பிள்ளையைத் தூக்கி சிப்பிச் சாக்குகளுக்கு மேல் கிடத்தினாள். நான் உழவு இயந்திரத்தின் பின்பெட்டியில் தொற்றிக்கொண்டு, மதுஷாவின் வாயில் பழச்சாற்றை ஊற்றினேன். பாதி கழுத்தால் வழிந்தது. கரைக்கு வந்து சேரும்போதுதான் அவள் கண் என்னை அடையாளம் பிடித்தது.

அந்தப் பெண் அத்தானுக்கு முன்னால் போய் நின்று கத்தினாள். இந்தக் கடல் பாய்ந்தோடும் குதிரையைவிட வேகமாக வரும், உங்களுக்குப் பைத்தியமா என்று கேட்டாள். அத்தான் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "மெர்சி மதாம்," என்றார். அவள் வீடு எது என்று விசாரித்தார். நாங்கள் பார்க்க வந்த கல்வீட்டுக்கு அடுத்த வளவு.

அன்று பின்னேரமே அவர் அந்த வீட்டுக்குச் சம்மதம் சொன்னார்.

"நல்ல சனம்," என்றார் வானில் ஏறும்போது. "கேக்காமலே வந்தவை."

திரும்பி வருகிற வழியில் நான் முன் இருக்கையில் இருந்தேன். பின்னால் மதுஷா அக்காவின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவரோடு இனிக் கதைப்பதில்லை என்று இருந்தேன். அவர்தான் தொடங்கினார்.

"எங்கட ஊர் முழுக்க வெளிக்கிட்ட நாள், அப்பாவுக்குக் காலில கட்டு. மரத்தால விழுந்தவர். அப்பா போங்கோ எண்டவர். அம்மாதான் விட்டிட்டுப் போகமாட்டன் எண்டவ. ஆரும் வண்டில் கொண்டு வருவினம் எண்டு காத்திருந்தம். என்ர தம்பி வாசல்ல நிண்டு வண்டில் பாத்துக்கொண்டு நிண்டவன். ஷெல் வாசல்லதான் விழுந்தது. அம்மா அவனைக் கூப்பிடப் போனவ."

ஒரு சுங்கச் சாவடியில் காசு கட்டிவிட்டு வானை எடுத்தார்.

"அப்பாவுக்கு ஒண்டும் இல்லை. பிறகு கனகாலம் இருந்தவர். ஒவ்வொரு நாளும் நான்தான் சோறு போட்டனான்."

அவருக்காக எனக்கு இரக்கம் வந்தது. அதே நேரம் பின்னால் மதுஷாவின் மூச்சு மாறியிருந்தது. அவள் தூங்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும்.

வீடு மாறும் நாள் வந்தபோது, மதுஷா என்னோடு பாரிஸில் இருப்பது என்று ஏற்கனவே முடிவாகியிருந்தது. அவளுக்கு மருத்துவரும் பள்ளிக்கூடமும் இங்கேதான் என்று எல்லோருக்கும் சொன்னார்கள். கேட்டவர்கள் எல்லோரும் நல்ல முடிவு என்றார்கள். அக்கா என்னைச் சமையலறைக்குள் இழுத்து, "லீவுக்கு லீவு வருவள்தானே," என்றாள். "நான் போகாட்டி அவர் போயிடுவார். அவரைத் தெரியும்தானே உனக்கு," என்றாள்.

மதுஷா தம்பியின் உடுப்புகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக் கொடுத்தாள். அத்தான் வாசலில் அவள் தலையில் கை வைத்தபோது, பிரெஞ்சில், "எனக்கு விளங்குது அப்பா," என்றாள். அப்பா என்ற சொல் மட்டும் தமிழில் இருந்தது.

பிறகு பெருந்தொற்று வந்து நாட்டைப் பூட்டினார்கள். கார் து நோர் ரயில் நிலையத்தில் பெட்டிகளோடு சனம் முண்டியடித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, அத்தான் சொன்ன நாள் இதுதான் என்று நானும் நம்பினேன். அடுத்த கிழமை எனக்குக் காய்ச்சல். மூச்செடுக்க நெஞ்சு நொந்தது. தொலைபேசியில் அவரை எடுத்தேன்.

"அத்தான், பிள்ளையை உங்களிட்டை அனுப்பட்டோ? எனக்குத்தான் வருத்தம், அவளுக்கு ஒண்டும் இல்லை."

"உமக்கு வந்தால் அவளிலையும் இருக்கும்."

"நிலவறையில கொஞ்ச நாள் தனிய வையுங்கோ."

"நிலவறையில சாமான் இருக்கு. கேற் பூட்டியாச்சு. இனித் திறக்கிறது சரிவராது. கோபியாதையும்."

அக்காவின் குரல் பின்னால் கேட்டது. பிறகு அவள் தொலைபேசியை வாங்கி, "நான் அவரிட்டைக் கதைச்சுப் பாக்கிறன்," என்றாள் மிகத் தாழ்வாக. அதற்குப் பிறகு பல நாட்கள் அவள் எடுக்கவில்லை.

மதுஷா தனியாகப் பார்த்துக்கொண்டாள். என் அறை வாசலில் கஞ்சியை வைத்துவிட்டுத் தட்டுவாள். மருந்துக்கடை வரிசையில் நின்று எனக்கும் தனக்கும் மருந்து வாங்கி வந்தாள். அந்தக் கடை ஒரு நாளும் பூட்டவில்லை. அவளுக்கு ஒரு ஊசிகூடத் தவறவில்லை. பிற்பாடு இதை அத்தானிடம் சொன்னபோது, அவர் யோசித்துவிட்டு, "இந்த முறை பாரிஸ் தாங்கிட்டுது," என்று ஒப்புக்கொண்டார்.

அந்தக் கோடையில் நாங்கள் மான்ஷுக்குப் போனோம். அக்கா கருத்துப்போய், கைகள் காய்த்து, மண்வெட்டியோடு ஆட்டுக்கொட்டில் வாசலில் நின்றாள். மதுஷாவைக் கட்டிப்பிடிக்க வந்தவள் கடைசி நேரத்தில் அத்தானைப் பார்த்துவிட்டுத் தோளை மட்டும் தொட்டாள். அத்தான் எங்களுக்கு நிலவறையைக் காட்டினார். அரிசி, பருப்பு, உப்பு, விறகு, மெழுகுதிரி. மூலையில், கூரையில் போட்ட சூரியத் தகட்டில் ஓடும் ஒரு சின்னக் குளிர்சாதனப் பெட்டி. மதுஷா தன் இன்சுலினை வைப்பதற்கு அதைத் திறந்தாள். உள்ளே தட்டுத் தட்டாக மருந்துப் போத்தல்கள் இருந்தன. அவள் முகம் ஒரு கணம் மாறியதை நான் பார்த்தேன்.

"அதுக்குள்ளை இடமில்லை பிள்ளை," என்றார் அத்தான். "அது ஆடுகளின்ர ஊசி."

அவள் கதவை மெதுவாகச் சாத்தினாள். கிழமை முழுவதும் தன் மருந்தை ஈரத்துணியில் சுற்றி வைத்துக்கொண்டாள்.

இப்போது அவள் வேலைக்குப் போகிறாள். போன மாரியில் ஒரு மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல் அத்தான் வந்தார். அக்காவை முதுகில் சுமந்துகொண்டு நாலு மாடியும் ஏறி வந்திருந்தார். ஆட்டுக்கொட்டிலில் விழுந்து பாரிசவாதமாம். அங்கே ஆஸ்பத்திரியில் செய்யக்கூடியதைச் செய்துவிட்டார்களாம். இடது பக்கம் முழுவதும் செத்துப்போயிருந்தது, வாய் கோணியிருந்தது. அவளை எவ்வளவு கவனமாக அவர் கட்டிலில் கிடத்தினார் என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும். தலையணையைச் சரி செய்தார், சப்பாத்தைக் கழற்றினார், காலைப் போர்த்தினார். தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"இரவு நிண்டிட்டுப் போங்கோ," என்றாள் மதுஷா, தமிழில்.

"ஆடு கறக்க ஆளில்லை. தம்பியும் விடுதியில."

அக்கா ஏதோ சொன்னாள். எங்களுக்கு விளங்கவில்லை. அவருக்கு விளங்கியது.

"கை எழும்பட்டும்," என்றார். "கை எழும்பினால் வந்து ஏத்திறன்."

அவர் கதவைச் சாத்திக்கொண்டு போன பிறகு மதுஷா தாய்க்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றாள். விட்டுப்போன தாயிடம் கேட்க அவளுக்கு எவ்வளவோ இருந்திருக்கும். கழிப்பறைக்குப் போகவேணுமா என்று மட்டும் கேட்டாள்.

அன்றிலிருந்து அக்கா கையைத் தூக்கப் பழகுகிறாள். பயிற்சி கொடுக்க வரும் மதாம், இப்படி விடாமல் முயலும் நோயாளியைத் தான் பார்த்ததில்லை என்று எங்களிடம் சொல்லிச் சந்தோஷப்படுவார். எதற்காக என்று நாங்கள் சொல்வதில்லை. காலையில் வேலைக்குப் போக முன்னும், வந்து சப்பாத்துக் கழற்ற முன்னும், மதுஷாதான் முழங்கைக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கி விடுகிறாள்.

அரிசி மூட்டை ஏற்ற அத்தான் அவ்வப்போது லாச்சப்பலுக்கு வருவார். அவர் வரும் நாள் அக்காவுக்கு எப்படியோ தெரிந்துவிடும். போன முறையும் சேலை கட்டிவிடச் சொல்லி, மேலே குளிர்ச் சட்டை போட்டு, தடியும் மதுஷாவுமாகப் படியிறங்கினாள். கடை வாசலில் அவர் மூட்டைகளை வானில் அடுக்கிக்கொண்டிருந்தார். அக்கா அவருக்கு முன்னால் போய் நின்று இடது கையைத் தூக்கினாள். நடுங்கி நடுங்கித் தோள்வரை வந்தது. சனம் எங்களைச் சுற்றிக்கொண்டு போனது.

அத்தான் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வந்தார். தலையைச் சரித்துப் பார்த்தார். அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விட்டார். ஒவ்வொன்றும் திரும்ப விரிந்து தொங்கியது.

"தோள் பரவாயில்லை," என்றார். "பிடி இல்லை. வாளி பிடிக்கேலாது. இன்னும் கொஞ்ச நாள் பாப்பம்."

அக்கா பள்ளிக்கூடப் பிள்ளைபோலத் தலையாட்டினாள். அவர் பின்கதவைச் சாத்தி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வானை எடுத்துக்கொண்டு போனார்.

"குளிருது அம்மா. போவம்," என்றாள் மதுஷா.

சந்தியில் பச்சை விளக்குக்காக நின்றோம். அக்கா வலது கையால் இடது கை விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டு நின்றாள். மதுஷா தன் சுட்டுவிரலை அந்தக் கைக்குள் வைத்தாள்.

"இதைப் பிடியுங்கோ. இறுக்கி."

அக்கா உதட்டைக் கடித்தாள். நெற்றி நரம்பு புடைத்தது.

"இறுக்கிறனோ?" என்றாள் குழறிய வாயால்.

"ஓம் அம்மா," என்றாள் மதுஷா.

அவளுடைய விரலுக்கு மேல் அக்காவின் கை சும்மா கிடந்தது.